முயல் மயிரும் தூண்டில் ஈயும்

(மலையூர் முயல் வளர்ப்போர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



முயல் இறைச்சியைப் பற்றியும் தீவனத்தைப் பற்றியும் பலமுறை பேசியுள்ளோம். இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள், இறைச்சியை எடுத்தபின் குழியில் போட்டு மூடிவிடும் தோல். அதிலுள்ள மயிருக்குப் பிற நாடுகளில் ஒரு பயன் உண்டு. தூண்டில் முள்ளின்மீது மயிர், இறகு, நூல் ஆகியவற்றைச் சுற்றிப் பூச்சி போலக் கட்டி, அதனைக் காட்டி மீன் பிடிப்பார்கள். அதற்கு ‘ஈ’ என்றே பெயர். 1496இல் இங்கிலாந்தில் அச்சான தூண்டில் பற்றிய புத்தகம் ஒன்றிலேயே இத்தகைய 12 ஈக்களின் செய்முறை உள்ளது. நமக்கும் இது முற்றிலும் அயலானதன்று. நீலகிரியில் அவலாஞ்சியில் 1907இல் டிரௌட் மீன் பொரிப்பகம் அமைந்தது. அம்மலை ஓடைகளில் டிரௌட் மீனுக்காக இத்தகைய தூண்டிலை வீசியவர்கள் உண்டு.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். இங்கிலாந்தில் புகழ்பெற்ற ஈயொன்று காட்டு முயலின் காது மயிரால் கட்டப்படுவது. அதைக் கேட்டு எவரும் நம் காட்டு முயலின்மேல் கண் வைக்கலாகாது. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் அதனைக் காக்கிறது. கீரி மயிரும் அவ்வாறே. நமக்கு வேண்டுவது கூண்டில் வளர்ந்த முயலின் தோல் மட்டுமே. சொறி கண்ட முயலின் தோல் அதற்கும் உதவாது.

தோலை உரித்தவுடன் உட்புறத்தைப் பாருங்கள். நிறமுள்ள முயலாயின், கருநீலத் திட்டுக்கள் தெரிந்தால் மயிர் மாறிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அத்தோலின் மயிர் கையோடு வரும். உட்தோல் ஒரே வெண்மையாயிருப்பதே நல்ல தோல்.

பின் கொழுப்பையும் ஒட்டிய தசையையும் மழுங்கிய கத்தியால் சுரண்டி நீக்க வேண்டும். இந்த ஒரு வேலையில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. எங்கள் முதல் முயற்சியில் இதனை அரைகுறையாகச் செய்து, போதாதென்று நல்ல வெயிலிலும் காயவைத்தோம். கொழுப்பு உருகி மயிரில் இறங்கிற்று. மயிர் மஞ்சளித்துச் சிக்குப்பிடித்தது. வீட்டிலிருந்தோர் நாற்றம் தாளாமல் எங்களையும் தோலையும் சேர்த்தே வெளியே அனுப்பிவிட்டனர்!

சுரண்டிய தோலைக் குளிர்ந்த நீரில் மென்மையான சோப்பிட்டு அலச வேண்டும். வெந்நீர் கூடாது, தோல் சுருங்கும், மயிரும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். காரமான சலவைத்தூள் மயிரின் இயற்கை எண்ணெயைப் போக்கிவிடும். அலசியதை மயிர்ப்புறம் கீழாகப் பலகையில் விரித்து ஆணியடித்து, உட்புறத்தில் வெங்காரத் தூளைத் தேய்த்து, நிழலில் காற்றாட விடுங்கள். உப்பும் பயன்படும், ஆனால் நம் மலைப்பனியில் உப்பு ஈரத்தை இழுத்துத் தோலை மறுபடியும் நசநசக்கச் செய்கிறது. ஆகவே வெங்காரமே மேல்.

காய்ந்த தோலில் இருவகை மயிர் காண்பீர்கள். மேலே நீண்டு விறைப்பாயிருப்பது காவல் மயிர். அடியில் பஞ்சுபோலிருப்பது உள்மயிர். வழவழப்பான உடல் கொண்ட ஈக்கு, காவல் மயிரை நுனியில் பற்றி உருவிவிட்டு, உள்மயிரைத் தோலையொட்டி வெட்டியெடுப்பர். கரடுமுரடான ஈக்கு இரண்டையும் கலந்தே விடுவர்; துருத்தி நிற்கும் காவல் மயிர் பூச்சியின் கால்களைப்போல் தோன்றும். மெழுகு பூசிய நூலில் இம்மயிரைச் சிறு சிட்டிகையாகப் படியவைத்து, ஒரே திசையில் முறுக்கி முள்ளில் சுற்றுவார்கள். பீவர் போன்ற நீர்வாழ் விலங்கின் மயிர் நீரை விலக்குவதால் மிதக்கும் ஈக்கு உகந்தது. முயல் மயிரோ நீரை உறிஞ்சும். எனவே அது நீருக்குள் வாழும் இளம்பூச்சிகளைப் போன்ற, அமிழும் ஈக்கே பொருந்தும்.

மன்னவனூர் ஆராய்ச்சி நிலையத்தின் வழியே நம் பகுதியில் பரவிய சோவியத் சின்சில்லா முயலின் சாம்பல் மயிருக்குச் சாயமே வேண்டியதில்லை. வெள்ளை இனங்களின் மயிர் எந்தச் சாயத்தையும் ஏற்கும். மயிரை வெட்டியெடுத்து, நன்கு நனைத்து, கம்பளிக்கான சாயத்தில் சிறிது வினிகர் சேர்த்து, கொதிக்கவிடாமல் சூடாக்க வேண்டும். தோலோடு சாயமிட்டால் தோல் சுருண்டுபோகும். நிறங்களைக் கலக்க, இருவகை மயிரையும் ஒரு புட்டியில் நீரும் ஒரு சொட்டு சோப்பும் இட்டுக் குலுக்கி, வடித்து அலசி உலர்த்தினால் போதும்.

இவ்வளவும் செய்தபின் கெடுப்பது பூச்சி. அந்துப்பூச்சியும் தோல் வண்டும் ஒரு பெட்டியில் நுழைந்தால் ஒன்றையும் மிச்சம் வைக்கா. புதிய தோலைப் பழையவற்றோடு உடனே சேர்க்காதீர்கள். தனிப்பையில் இறுக மூடிச் சில வாரங்கள் வைத்துப் பாருங்கள். உறைபெட்டி உள்ளவர்கள் ஒரு வாரம் அதனுள் வைத்தெடுப்பது நன்று.

இதனால் பெரும்பொருள் சேருமென்று நாங்கள் சொல்ல வரவில்லை. ஓர் ஈக்கு வேண்டும் மயிர் மிகச் சிறிது, வாங்குவோரும் சிலரே. வாங்குபவரிடம் மாதிரி காட்டி, அவர் கேட்கும் நிறத்தையும் அளவையும் அறிந்த பிறகே மிகுதியாகப் பதப்படுத்த வேண்டும்.

அடுத்த கூட்டத்திற்கு வீட்டுக்கு ஒரு தோலைக் காயவைத்துக் கொண்டுவாருங்கள். காவல் மயிரை உருவ வேண்டாம். அதனை இங்கேயே செய்து பார்ப்போம். கத்தரிக்கோலும் மெழுகும் நாங்கள் கொண்டுவருகிறோம்.