கத்திக்கு இல்லாத தீட்டு

(சேலத்தில் நடந்த வாசகர் வட்டக் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



என் ஆய்வைப் பற்றிப் பேசச் சொல்லித்தான் அழைத்தீர்கள். ஆய்வேட்டுக்குள் நுழையாத ஒரு பொருளைக் கையில் எடுத்து வந்திருக்கிறேன். மடக்குச் சவரக்கத்தி. எழுபதுகளின் கடைசியில் என் அப்பா புதன்சந்தையில் வாங்கியது. வாங்கிய அன்று இதை வைத்து ஒரு முடியைக்கூட எடுக்க முடியாது என்பார். மலிவுக் கத்திகள் அப்படித்தான் வரும். கத்தி என்ற உருவம் இருக்கும், கூர் இருக்காது. அதை நாம்தான் உண்டாக்க வேண்டும்.

பிளேடு வாங்கியிருக்கலாமே என்று கேட்பீர்கள். நானும் கேட்டிருக்கிறேன். பிளேடு தன் ஒருவனுக்குச் சரி. தெருவில் வயசாளிகள் இருந்தார்கள், எழவு வீட்டில் மொட்டை போட வேண்டியிருந்தது, பிள்ளைகளுக்குத் தலையில் சிரங்கு வந்தால் மழிக்க வேண்டியிருந்தது. ஊருக்குள் இருந்த நாவிதர் எங்கள் அருந்ததியர் தெருவுக்கு வரமாட்டார், நாங்கள் அவரிடம் போகவும் முடியாது. பத்து மைல் தள்ளி நாமக்கல் டவுனில் சலூன் இருந்தது. அங்கேயும் தெரிந்த முகம் உட்கார்ந்திருந்தால் திரும்பி வந்துவிட வேண்டியதுதான். ஆகவே கத்தி.

சவரக்கத்தியின் சூட்சுமம் அதன் முதுகில் இருக்கிறது. கல்லில் படுக்க வைத்தால் முதுகும் வாயும் சேர்ந்து கல்லைத் தொட வேண்டும். முதுகு எவ்வளவு தடிப்போ, அதுதான் வாயின் சாய்வைத் தீர்மானிக்கும். மலிவுக் கத்தியில் முதுகு ஒரு பக்கம் தடித்தும் ஒரு பக்கம் மெலிந்தும் இருக்கும், லேசாக முறுக்கிக்கொண்டும் இருக்கும். அப்பா அப்போது நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறை ஒன்றில் கையாள். முதலில் வாங்கிய கத்தியைப் பட்டறையில் ஓடும் சாணைச் சக்கரத்தில் கொடுத்திருக்கிறார். நாலு இழுப்பில் வாய் நீலம் பாய்ந்துவிட்டது. சூட்டில் நீலம் பாய்ந்த எஃகு பதம் இழந்த எஃகு. அதற்குமேல் எவ்வளவு தீட்டினாலும் கூர் நிற்காது. ஒரு வாரக் கூலி போனது.

இது இரண்டாவது கத்தி. சக்கரத்துக்கே போகவில்லை. தண்ணீர் விட்டுக் கல்லில் கையாலேயே இரண்டு மாதம் தேய்த்தார். கைப்பிடியை ஒட்டிய அடிமூலை கல்லில் முட்டி வாயைத் தூக்கிவிடுகிறது என்று கண்டுபிடித்து, அந்த மூலையைத் தேய்த்து உருட்டினார். நுனி காதைக் கிழிக்கும் என்று அதையும் மழுக்கினார். இதோ, இந்த வளைவு அவர் கைவேலை.

யார் சொல்லிக்கொடுத்தது? யாருமில்லை. ஊர் வேப்பமரத்தடியில் நாவிதர் தீட்டுவதைத் தூரத்தில் நின்று பார்த்ததுதான் படிப்பு. தூரத்திலிருந்து பார்த்ததில் ஒரு பிழை நேர்ந்தது. கல்லில் வாய் முன்னே போக வேண்டும், தோல் வாரில் முதுகு முன்னே போக வேண்டும். கை போய் வருவது தெரிந்ததே தவிர, கத்தி புரள்வது அவர் கண்ணுக்கு எட்டவில்லை. வாரிலும் வாயை முன்னே விட்டு இழுத்து, வாரைக் குறுக்கே அறுத்துவிட்டார்.

அறுந்த வாரைக் கண்டு தாத்தா சிரித்தாராம். அது அவர் ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோல். தாத்தாவுக்கு அது தொழில். கவலை ஏற்றம் ஓடிய காலத்தில் பண்ணையத்துக்கு வேண்டிய தோல் சாமான்களெல்லாம் எங்கள் தெருவிலிருந்துதான் போயின. ஊர் நாவிதரின் கையில் இருந்த வாரும் அவர் கொடுத்ததுதான். தெரு முனையில் தாத்தா தோலைத் தரையில் வைத்துவிட்டு நகர்ந்துகொள்வார். நாவிதர் வந்து எடுத்துக்கொள்வார். நான் இதை வைத்துத்தான் பேச வந்தேன், தோழர்களே. கல் எவ்வளவு நன்றாக இருந்தாலும் சவரக்கத்தியின் கடைசிக் கூர் தோலில்தான் கிடைக்கிறது. தாத்தா கொடுத்த தோலில் தீட்டிய கத்தி ஊரிலுள்ள அத்தனை கவுண்டர்களின் தாடையிலும் ஓடியது. கத்திக்குத் தீட்டில்லை, தாடைக்குத் தீட்டில்லை. தோலைப் பதனிட்டவரின் தாடையைத் தொட்டால் மட்டும் தீட்டு.

புரட்சியாளர் அம்பேத்கர் தன் சிறுவயது அனுபவங்களை எழுதியபோது இதைச் சொல்கிறார். சாத்தாராவில் நாவிதர்கள் இருந்தார்கள், கூலி கொடுக்க இவர்களிடம் காசும் இருந்தது. ஆனாலும் முடிவெட்டியது அக்காதான். தம்பிகளின் தலையில் பழகிப் பழகியே அந்தப் பெண் தேர்ந்த கைக்காரர் ஆனார். காந்தியாரும் தன் வரலாற்றில் ஒரு சம்பவம் எழுதியிருக்கிறார். பிரிட்டோரியாவில் வெள்ளை நாவிதர் மறுத்துவிட, கருவி வாங்கிக் கண்ணாடி பார்த்துத் தானே வெட்டிக்கொண்டார், பின்பக்கம் கெட்டுப்போனது, நண்பர்கள் சிரித்தார்கள். கறுப்பருக்கு வெட்டினால் அந்த நாவிதர் மற்ற வாடிக்கையாளர்களை இழப்பார், நம் நாவிதர்களைத் தீண்டத்தகாதாருக்குச் சவரம் செய்ய நாமும்தான் விடுவதில்லை என்று அவரே ஒப்புக்கொள்கிறார். அந்த நேர்மையை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அவருக்கு அது சிரித்துவிட்டுப் போகக்கூடிய ஒரு நாள். அம்பேத்கரின் அக்காவுக்கு அது பிள்ளைப்பருவம் முழுவதும்.

காந்தியார் சொன்னதில் இன்னொன்று இருக்கிறது. நாவிதர் மறுப்பது தன் விருப்பத்தால் மட்டுமல்ல. கொங்கில் நாவிதரைக் குடிமகன் என்பார்கள். கவுண்டர் கல்யாணத்தில் மங்கல வாழ்த்துப் பாட அவர் வர வேண்டும், அவர் பாடாமல் சீர் முடியாது. அந்தப் பெருமையை வைத்துக்கொண்டு பந்தியில் சமமாக உட்கார முடியுமா? முடியாது. அவர் சாதிப் பெயரே வசவுச் சொல். அவர் வீட்டுப் பெண்கள் ஊருக்கெல்லாம் பிள்ளைப்பேறு பார்த்தார்கள், அதற்கும் தீட்டு என்றே பெயர். அண்ணல் சொன்ன படிநிலை ஏற்றத்தாழ்வை நூலில் படிப்பதற்கு முன்பே அந்த வேப்பமரத்தடியில் பார்த்துவிடலாம்.

சட்டம் என்ன சொல்கிறது? 1948 நவம்பர் 29 அன்று அரசியல் நிர்ணய சபையில் ‘கடை’ என்ற சொல்லுக்கு விளக்கம் கேட்கப்பட்டபோது, தேடி வருபவருக்குச் சேவை தர ஒருவர் ஆயத்தமாக இருக்கும் இடம் எல்லாம் கடைதான் என்று அம்பேத்கர் விளக்கினார். 1955இல் வந்த தீண்டாமைக் குற்றங்கள் சட்டம், அதாவது 1976 திருத்தத்துக்குப் பின் குடியுரிமைகள் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாறியது, கடை என்பதன் வரையறையிலேயே சலவையகத்தையும் முடிதிருத்தும் நிலையத்தையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. ஆக, நாற்காலி மறுப்பது குற்றம். இதில் ஐயமே இல்லை.

ஆனால் வழக்கு யார் மேல் பாய்கிறது? கத்தி பிடித்தவர் மேல். ‘அவனுகளுக்கு வெட்டுனா நாங்க வரமாட்டோம், கடையைக் காலி பண்ணு’ என்று சொன்ன கட்டட உரிமையாளர் வெளியே டீ குடித்துக்கொண்டிருப்பார். தீண்டாமையைக் கடைப்பிடிக்க மறுத்தவரை ஒதுக்கிவைத்தால் தண்டனை என்று அதே சட்டத்தின் 7(2) பிரிவு சொல்கிறது. நல்ல பிரிவுதான். ஆனால் அது சொந்தச் சமூகத்தார் ஒதுக்குவதைப் பற்றியது. நாவிதரை நாவிதர்களா மிரட்டுகிறார்கள்? தூண்டியவரைச் சேர்க்க 10ஆம் பிரிவு இருக்கிறது. புகார் எழுதும்போது நாம் அதைக் கேட்டு வாங்குவதில்லை. சலூன்காரர் பெயரோடு நிறுத்திக்கொள்கிறோம். ஆதிக்கச் சாதிக்காரருக்கு அது வசதி. நாவிதருக்கும் நமக்கும் பகை மூட்டிவிட்டு அவர் ஒதுங்கிக்கொள்கிறார். முடிதிருத்தும் தோழர்களின் சங்கங்களோடு உட்கார்ந்து பேசி, அதன்பிறகு புகார் எழுதும் பழக்கம் நம் இயக்கங்களுக்கு வர வேண்டும் என்பது என் கருத்து. மறுப்பு உள்ளவர்கள் பின்னால் சொல்லுங்கள்.

இப்போது உலகமெங்கும் மலிவுக் கத்தி வாங்கி, வீட்டில் தேய்த்துக் கூராக்குவது ஒரு பொழுதுபோக்கு. வழவழப்பான கல்லை வரிசையாக அடுக்கிவைத்துத் தீட்டுகிறார்கள். ஒருநாள் அதைப் பற்றி அப்பாவிடம் சொன்னேன். ‘நல்லா இருக்குதே, என்னோடதவிட நல்ல கல்லா?’ என்று மட்டும் கேட்டார். அவர் செய்ததைச் சுயமரியாதைச் செயல் என்று ஒரு கட்டுரையில் எழுதியிருந்தேன். அதைப் படித்துக்காட்டியபோது அவருக்குப் பிடிக்கவில்லை. ‘கடையில உட்காரச் சொல்லியிருந்தா நான் ஏன்டா ராத்திரியெல்லாம் கல்லுத் தேச்சேன்?’ என்றார். கட்டுரையில் அந்த வரியை அடித்துவிட்டேன்.

நான் இப்போது சேலத்தில் சலூனுக்குத்தான் போகிறேன். புதிய கடையில் உட்கார்ந்தால் துண்டு போர்த்திவிட்டு, ‘எந்த ஊருங்ணா?’ என்பார்கள். ஊர் சொன்னால், ‘ஊர்ல எந்தப் பக்கம்?’ அந்த இரண்டாவது கேள்விக்குச் சில நாள் பதில் சொல்லியிருக்கிறேன், சில நாள் கண்ணை மூடித் தூங்குவதுபோல் இருந்திருக்கிறேன். முனைவர் பட்டத்துக்குச் சாதியைப் பற்றி எழுதுகிறவன் கண்ணை மூடிக்கொள்கிறேன். கழுத்தில் கத்தி இருக்கும்போது பேசக்கூடாது என்று ஒரு சாக்கும் இருக்கிறது.

பேச்சு நீண்டுவிட்டது. கத்தியைப் பார்க்க வேண்டும் என்பவர்கள் கூட்டம் முடிந்ததும் வாங்க. முதுகுப் பக்கமாகப் பிடியுங்கள், நேற்று ராத்திரிதான் அப்பா தீட்டிக் கொடுத்தார்.