காரில் தமிழ் கேட்க: சிறு செலவில் ஓர் ஒலியமைப்பு



பிழைப்பின் பொருட்டுப் பிற மாநிலங்களில் குடியேறிய நம்மவருள் பலர், பண்டிகைக்கு ஊருக்குக் காரிலேயே போய் வருகிறார்கள். அந்நாட்களில் ரயிலில் இடம் கிடைப்பது எவ்வளவு அரிது என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டுவதில்லை. புனேயில் வசிக்கும் எங்கள் குடும்பமும் அவ்வாறுதான். கோலாப்பூர், பெல்காம், ஹூப்ளி, சித்ரதுர்க்கம், பெங்களூரு என்று 48-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் கிருஷ்ணகிரி வரையில் வந்து, அங்கிருந்து சேலத்துப் பாதையில் திரும்புவோம். இரண்டு நாள் பயணம். வழியில் எப்.எம். வானொலி மராத்தியில் தொடங்கிக் கன்னடத்துக்கு மாறும். ஒவ்வொரு நிலையமும் ஐம்பது அறுபது கிலோமீட்டருக்குள் தேய்ந்து மறையும். ஓசூரை நெருங்கும்போதுதான் தமிழ் தாராளமாகக் காதில் விழும். அதுவரைக்கும் வேண்டிய தமிழைக் கட்டுச்சோறு போல நாமே எடுத்துச் செல்ல வேண்டியிருக்கிறது. கச்சேரியோ, நாடகமோ, சொற்பொழிவோ, எல்லாம் இக்காலத்தில் அலைபேசிக்குள் அடங்கிவிடுகின்றன. ஆனால் அதைக் காரில் நன்றாகக் கேட்கும்படி செய்வது எப்படி? இருபதாயிரம் ரூபாய்க்கு மேற்படாமல் செய்வது எப்படி? இது விஷயமாக நாங்கள் பட்டதையும் கற்றதையும் இன்று சொல்ல விரும்புகிறோம்.

எங்கள் இல்லத்தில் எண்பதை எட்டும் தந்தையார் இருக்கிறார். பார்வை குன்றியதால் படிப்பு நின்றுவிட்டது. செவிக்கு உணவு ஒன்றே அவருக்கு மிச்சம். 2023-ஆம் ஆண்டு தீபாவளிக்குப் புறப்படுமுன், அவருக்காகவே காரின் ஒலியமைப்பைச் செம்மை செய்ய எண்ணிக் கடை ஒன்றுக்குச் சென்றோம். கடைக்காரர் முதலிற் காட்டியது டிக்கியில் வைக்கும் வூபர் பெட்டி. பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர். பெட்டியின்மேல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வாட் என்று பொன்னெழுத்தில் அச்சிட்டிருந்தது. விலை பதினோராயிரம் ரூபாய். கடையில் ஒலித்துக் காட்டியபோது நெஞ்சு அதிர்ந்தது. அந்த அதிர்ச்சியையே தரம் என்று எண்ணி வாங்கிவிட்டோம்.

சதாரா தாண்டியதும் தந்தையாருக்குப் பிடித்த சொற்பொழிவு ஒன்றைப் போட்டோம். சிறிது நேரம் கேட்டவர், “என்னடா இது, பக்கத்து வீட்டில் நெல் குத்துகிறாற்போல் இருக்கிறது, பேச்சு ஒன்றும் விளங்கவில்லையே” என்றார். ஒலியைக் கூட்டினோம். நெல் குத்துவதுதான் கூடியது. பெட்டி டிக்கியை அடைத்துக்கொண்டதால் சாமான் மூட்டை ஒன்று அம்மாவின் காலடிக்கு வந்திருந்தது. சித்ரதுர்க்கத்துக்கு அப்பால் தந்தையார் கண்களை மூடிக்கொண்டார். தூங்கவில்லை என்பது எங்களுக்குத் தெரியும்.

எங்கே பிழை செய்தோம்? பேச்சில் பொருளை வேறுபடுத்திக் காட்டுவன பெரும்பாலும் மெய்யொலிகளே. காது, காசு, காடு என்னும் மூன்று சொற்களையும் பிரித்தறியச் செய்வது இடையில் வரும் ஓர் எழுத்து. தலை, தழை, தளை என்பவற்றிலும் அப்படியே. இந்த வேற்றுமைகளைத் தாங்கும் ஒலியலைகள் ஏறக்குறைய வினாடிக்கு 1,000 முதல் 4,000 வரை அதிர்வு கொண்டவை. வூபரின் வேலையோ நூறு அதிர்வுக்குக் கீழே. பேச்சுக்கு அது செய்யும் உதவி ஒன்றுமில்லை. சாலை இரைச்சலும் டயர் இரைச்சலும் பெரும்பாலும் தாழ்ந்த அதிர்வுகளே. அவற்றோடு இன்னும் ஒரு தாழ்ந்த இரைச்சலைக் காசு கொடுத்துச் சேர்த்துவிட்டோம். முதுமையில் செவி முதலில் இழப்பது உயர்ந்த அதிர்வுகளை. ஆக, தந்தையாருக்கு எது குறைவோ அதைக் கொடாமல், எது மிகுதியோ அதையே பெருக்கியிருந்தோம்.

ஊரிலிருந்து திரும்பியதும் அப்பெட்டியை ஐயாயிரத்துக்கு விற்றோம். 2024-ஆம் ஆண்டுப் பொங்கல் பயணத்துக்குள், இந்தத் தடவை கணக்குப் பார்த்து, மறுபடி தொடங்கினோம்.

முதலில் வாட் என்னும் மாயத்தைத் தெளிந்துகொள்வோம். காருடன் வரும் ஸ்டீரியோவில் ‘50 வாட், நான்கு’ என்று எழுதியிருப்பதைக் கண்டிருப்பீர்கள். இயந்திரம் ஓடும்போது காரின் மின்னழுத்தம் ஏறத்தாழ 14.4 வோல்ட். ஸ்பீக்கரின் மின்தடை நான்கு ஓம். 14.4-ஐ 14.4-ஆல் பெருக்கி நான்கால் வகுத்தால் சுமார் 52 வருகிறது. அந்த ஐம்பது பிறந்த இடம் இதுதான். ஒலி முற்றிலும் சிதைந்து, அலை சதுரமாகிப்போன நிலையில் கிடைக்கும் கணக்கு அது. சிதைவில்லாத அலைக்கு அதிற் பாதி. உட்சேதாரம் போக ஒரு ஸ்பீக்கருக்குப் பதினைந்து முதல் இருபது வாட் என்று கொள்வதே நேர்மை. கடையில் கேட்க வேண்டியது ‘ஆர்.எம்.எஸ். வாட் எவ்வளவு?’ என்ற ஒரே கேள்வி. இந்தக் கேள்விக்கு இந்தி, மராத்தி, வங்காளம் எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை என்பது ஒரு சௌகரியம்.

வாட் பெருகினால் ஒலி அவ்வளவுக்கு அவ்வளவு பெருகும் என்று எண்ணுவதும் தவறு. இருபது வாட்டை ஐம்பதாக்கினால், அதாவது இரண்டரை மடங்கு ஆக்கினால், காதுக்குக் கிடைக்கும் லாபம் நான்கு டெசிபல். 87 டெசிபல் உணர்திறன் உள்ள ஸ்பீக்கருக்குப் பதில் 91 உள்ளதை வாங்கினால் அதே நான்கு டெசிபல் கூடுதல் மின்சாரமின்றிக் கிடைக்கும். ஆகவே ஸ்பீக்கர் பெட்டியில் முதலில் பார்க்க வேண்டியது இந்த உணர்திறன் எண். இதிலும் ஒரு சூது உண்டு. சிலர் ஒரு வாட் கொடுத்து அளக்கிறார்கள், சிலர் 2.83 வோல்ட் கொடுத்து அளக்கிறார்கள். நான்கு ஓம் ஸ்பீக்கரில் 2.83 வோல்ட் என்பது இரண்டு வாட். அதனால் எண் மூன்று டெசிபல் உயர்ந்து தோன்றும். இரண்டு பெட்டிகளை ஒப்பிடுங்கால் அளந்த முறை ஒன்றுதானா என்று பாருங்கள்.

இனி, பணத்தை எங்கே இடுவது? நாங்கள் ஸ்டீரியோவைத் தொடவில்லை. ‘தொடுதிரை பெரிதாக இல்லையே’ என்று நண்பர்கள் பரிகசித்தார்கள். திரையின் அகலம் காதுக்கு எட்டுவதில்லை. ஆம்பிளிபயர் பலவற்றில் ஸ்பீக்கர் கம்பியிலிருந்தே ஒலியை எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு இருப்பதால், பழைய ஸ்டீரியோவை வைத்துக்கொண்டே வேலையை முடிக்கலாம். புதிய காராயின் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: கம்பியை வெட்டி ஒட்டினால் மின்னமைப்பின் உத்தரவாதத்துக்கு ஊறு நேரலாம். வண்டிக்குப் பொருந்தும் கப்ளரை வாங்கி, வெட்டாமல் செருகச் சொல்லுங்கள். சில நூறு ரூபாயில் முடியும் காரியம்.

நாங்கள் அதிகமாகப் பயன் கண்டது, கண்ணுக்குத் தெரியாத ஒரு செலவில். அது கதவு. கார்க் கதவு என்பது ஒரு மெல்லிய தகரப் பெட்டி. உட்புறத் தகட்டில் கைவிட்டு வேலை செய்வதற்கென்று பெரிய ஓட்டைகள் இருக்கும். ஸ்பீக்கரின் காகிதம் முன்னே தள்ளும்போது பின்னே இழுக்கிறது. முன்னலையும் பின்னலையும் அந்த ஓட்டைகளின் வழியே சந்தித்து ஒன்றையொன்று தின்றுவிடும். விலையுயர்ந்த ஸ்பீக்கரைப் போட்டும் ‘கனமே இல்லையே’ என்று வருந்துவோர் பலர். அவர்கள் குறை பெரும்பாலும் ஸ்பீக்கரில் இல்லை. அலுமினியத் தாள் ஒட்டிய பியூட்டைல் ரப்பர்த் தகடுகளைக் கதவின் வெளித்தகட்டின் உட்புறத்தில் ஒட்டி அதிர்வை அடக்க வேண்டும். உள்தகட்டின் ஓட்டைகளை மூட வேண்டும். தட்டிப் பாருங்கள்: முன்பு தகர டப்பா போல் ஒலித்த கதவு, பிறகு பலகை போல் ஒலிக்கும். முன்கதவு இரண்டுக்கும் எங்களுக்கு 3,500 ரூபாய் ஆயிற்று.

இங்கே மழையை மறக்கலாகாது. பம்பாய்க் கரையிலும் மலபாரிலும் வாழ்வோர் முக்கியமாகக் கவனிக்கவும். கண்ணாடி இடுக்கு வழியாகக் கதவுக்குள் தண்ணீர் இறங்குவது இயல்பு. அது வெளியேறக் கதவின் அடியில் சிறு துளைகள் இருக்கின்றன. ஆர்வத்தில் அவற்றையும் ஒட்டி மூடிவிட்டால் கதவு துருப்பிடிக்கும். ஸ்பீக்கருக்கு அடியில் வைக்கும் வளையத்தைச் சில கடைகளில் எம்.டி.எப். பலகையில் அறுத்துக் கொடுப்பார்கள். ஒரு மழைக்காலத்தில் அது ஊறிப் புடைத்துவிடும். பிளாஸ்டிக் வளையமே நலம்.

ஸ்பீக்கரில் இரு வகை. ஒரே வட்டத்தில் பெரியதும் சிறியதும் சேர்ந்தது கோஆக்ஸியல். தாழ்ந்த ஒலிக்கு வேறு, உயர்ந்த ஒலிக்கு ட்வீட்டர் என்று தனித்தனியே வருவது காம்பொனென்ட். முழங்காலுக்குக் கீழேயுள்ள கதவு ஸ்பீக்கரிலிருந்து புறப்படும் மெய்யொலிகள் காலிலும் சாமானிலும் மோதி மடிகின்றன. ட்வீட்டரைத் தனியே, பக்கக் கண்ணாடியின் உட்புற முக்கோணத்தில் பொருத்தினால் அவை நேரே செவிக்கு வரும். எங்கள் தேவைக்குக் காம்பொனென்ட்டே ஏற்றது என்று முடிவு செய்தோம். ஆறரை அங்குலம், 6,000 ரூபாய். முன்கண்ணாடித் தூணின் மூடியில் ‘ஏர்பேக்’ என்று பொறித்திருந்தால் அங்கே திருகோ ஆணியோ ஏற்ற விடாதீர்கள். விபத்தில் உயிர் காக்க வேண்டிய பை அதற்குள் இருக்கிறது. ஸ்பீக்கரின் ஆழத்தையும் அளந்து வாங்குங்கள். கண்ணாடியை முழுதும் இறக்கும்போது அது காந்தத்தில் இடித்தால், கடைக்காரர் ஊரிலில்லாத நாளாகப் பார்த்துத்தான் உடையும்.

பின்கதவு ஸ்பீக்கர்களை மாற்றவே இல்லை.

ஆம்பிளிபயர் நான்கு வழி கொண்டது. வழிக்கு ஐம்பது வாட் ஆர்.எம்.எஸ்.; 7,000 ரூபாய். இப்போதைக்கு இரு வழிகளே போதும். பின்னொரு நாள் சிறு வூபர் வேண்டுமாயின் மற்ற இரண்டும் உதவும். மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம் இன்னும் கொஞ்சம் கனக்கலாமே என்று எங்கள் மகன் இப்போதே முணுமுணுக்கிறான்.

கம்பியில் மட்டும் சிக்கனம் கூடாது. கார் பாட்டரி சிறியதாய்த் தோன்றினாலும், கம்பி தகரத்தில் உரசிக் குறுக்கிணைப்பு நேர்ந்தால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாய்ச்ச வல்லது. பாட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் பியூஸ் இருந்தே தீர வேண்டும். ஆம்பிளிபயரிலேயே பியூஸ் இருக்கிறதே என்று சிலர் வாதிடுவார்கள். அது ஆம்பிளிபயருக்கு. இடையில் ஓடும் நாலைந்து மீட்டர்க் கம்பியைக் காப்பது பாட்டரியருகில் உள்ளதுதான். எங்களுக்கு வேலை செய்த இளைஞர் முதலில் பியூஸைக் கால்மிதிக்கு அருகில் வைக்கப் போனார். நின்று மாற்றச் செய்தோம். இருநூறு வாட் தரும் ஆம்பிளிபயர், நூற்றுக்கு எண்பது பங்கு திறனுள்ள டி வகுப்பாயின், 250 வாட் உண்ணும்; அதாவது சுமார் 18 ஆம்பியர். இதற்கு எட்டாம் எண் செப்புக் கம்பி தாராளம். செம்பு பூசிய அலுமினியமும் அதே நிறத்தில் விற்கப்படுகிறது; அதன் மின்தடை ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. ஓர் இழையைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெளுத்திருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். தரைக் கம்பியைச் சாயம் சுரண்டிய வெறும் தகட்டில், குட்டையாக முடிய வேண்டும். இல்லாவிடில் ஆக்ஸிலேட்டரை மிதிக்குந்தோறும் ஸ்பீக்கரில் கொசு பாடும்.

கம்பியும் பியூஸும் 2,000, கூலி 1,500. ஆக மொத்தம் இருபதாயிரம். பத்தாயிரந்தான் கையில் இருக்கிறது என்போர் ஆம்பிளிபயரை விட்டுவிட்டுக் கதவையும் ஸ்பீக்கரையும் மட்டும் செய்துகொள்ளலாம். அதற்குத் தோதாக உணர்திறன் மிகுந்த ஸ்பீக்கராய்ப் பாருங்கள்.

டில்லியில் இருப்போருக்குக் கரோல்பாக், பெங்களூரில் இருப்போருக்கு ஜே.சி. சாலை என்று பெயர்பெற்ற கடைத்தெருக்கள் உண்டு. அங்கே பலகையில் பதித்த ஸ்பீக்கர்களை வரிசையாக ஒலித்துக் காட்டுவார்கள். அவர்கள் போடும் பாட்டு வேண்டாம். நீங்கள் அறிந்த ஒரு சொற்பொழிவையும் ஒரு கச்சேரியையும் அலைபேசியில் கொண்டுபோங்கள். பாடகரின் சாகித்யம் எழுத்தெழுத்தாக விளங்குகிறதா என்பதை மெல்லிய ஒலியிலேயே சோதியுங்கள். ஓங்கிய ஒலியில் எல்லா ஸ்பீக்கரும் நல்லனவாகவே தோன்றும்.

பொங்கலுக்குப் புறப்பட்டபோது தந்தையாரை முன்னிருக்கையில் அமர்த்தினோம். கதவு ஸ்பீக்கருக்கு எண்பது அதிர்வுக்குக் கீழே செல்லாதபடி ஆம்பிளிபயரில் வடிகட்டியைத் திருகி, ‘பாஸ்’ குமிழை நடுவில் நிறுத்தியிருந்தோம். பழைய சொற்பொழிவையே போட்டோம். கோலாப்பூர் வரையில் அவர் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “சற்றுக் குறை, இவ்வளவு வேண்டாம்” என்றார். குறைத்தோம். பேச்சு அப்போதும் விளங்கிக்கொண்டிருந்தது. நிப்பாணி அருகே பேச்சாளரோடு ஓரிடத்தில் சண்டையும் பிடித்தார்.

கழற்றிய பழைய ஸ்பீக்கர்களைக் கடையிலேயே விட்டு வந்துவிடாதீர்கள். வண்டியை விற்கும் நாளில் அவற்றை மறுபடி பொருத்திவிட்டுப் புதியவற்றை அடுத்த காருக்கு எடுத்துக்கொள்ளலாம். எங்களுடையவை, திருகுகளோடு ஒரு பிஸ்கட் டப்பாவில், பரணில் இருக்கின்றன.