ஹாலோவீன்: தோற்றமும் மறுப்பும்

அக்டோபர் 31-ஆம் நாள் மாலையில், மும்பை, பெங்களூரு, தில்லி போன்ற நகரங்களின் அடுக்குமாடிக் குடியிருப்புகள் சிலவற்றில் பிள்ளைகள் பேய் வேடம் பூண்டு, வீடுதோறும் மிட்டாய் கேட்டு வருவதை நம்மில் பலர் இப்பொழுது காண்கிறோம். ஹாலோவீன் என வழங்கும் இவ்வழக்கம் நமக்குப் புதிது. மேல்நாட்டிலோ இதனைக் கொண்டாடுவது தகுமா என்னும் வாதம் நெடுநாளாக நடந்து வருகிறது. வாயிற்படிக்கே வந்துவிட்ட ஒன்றைப் பற்றி அவர்கள் கூறுவது யாது என நாமும் அறிந்துகொள்வது நலம்.

மறுப்போரில் முன்னிற்பவர்கள் அமெரிக்கச் சுவிசேஷ சபையினர் பலர். குறி சொல்வோரையும் சூனியம் செய்வோரையும் இறந்தோரிடம் குறி கேட்போரையும் உபாகமத்தின் 18-ஆம் அதிகாரம் விலக்குகிறது. விலக்கப்பட்டதை விளையாட்டாகவும் செய்தல் ஆகாது என்பது அவர்கள் வாதம். கெல்ட் மக்களின் சௌவின் விழாவே இதன் மூலம், சௌவின் மரணத்தின் தெய்வம் என்றும் அவர்களுள் சிலர் கூறுவர். யெகோவாவின் சாட்சிகள் இதனை அறவே கொண்டாடுவதில்லை. ஆசாரம் பேணும் யூதர் பலர், பிற இனத்தாரின் நெறிகளில் நடவாதிருக்கப் பணிக்கும் லேவியராகமத்தைக் காட்டி ஒதுங்கிக்கொள்கின்றனர்.

தோற்றத்தைப் பற்றிய வாதத்தை முதலில் ஆராய்வோம். அயர்லாந்தில் சௌவின் என்பது குளிர்காலம் தொடங்கும் நாள். மேய்ச்சல் நிலங்களினின்று கால்நடைகள் வீடு திரும்பும் காலம். அன்று மறுவுலகத்தின் வாயில் திறக்கும் என்பது அந்நாட்டுக் கதை. ஆனால் அக்கதைகளை ஏட்டில் எழுதிவைத்தவர்கள் கிறிஸ்தவத் துறவிகளே. அதுவும் அந்நாடு கிறிஸ்தவம் தழுவிப் பல தலைமுறைகள் கழிந்த பின்னர். ஆதலின் பழைய பூசாரிகள் அன்றிரவு நரபலி இட்டனர் என்பன போன்ற செய்திகளை உறுதியென நாம் கொள்வதற்கில்லை. மரணதெய்வம் என்பதோ வெறும் பிழை. 18-ஆம் நூற்றாண்டில், அயர்லாந்தில் பணிபுரிந்த சார்ல்ஸ் வலன்சி என்னும் படைப் பொறியாளர் செய்த சொல்லாராய்ச்சியில் அது முளைத்தது. இன்னும் உதிராமல் நிற்கிறது!

ஹாலோவீன் என்னும் பெயரே திருச்சபை தந்தது. 'ஹாலோ' என்பது புனிதரையும், 'ஈவன்' என்பது மாலையையும் குறிக்கும். சகல புனிதர் திருநாளின் முந்தின மாலை என்பதே பொருள். உரோமையில் 7-ஆம் நூற்றாண்டில் சகல மறைசாட்சிகளுக்கும் மே 13 உரியதாயிற்று. நவம்பர் முதல் நாளில் புனிதரைப் போற்றும் வழக்கம் 835-இல் பிராங்கியப் பேரரசு முழுமைக்கும் விதிக்கப்பட்டது. அயர்லாந்துச் சபையோ அந்நாளில் ஏப்ரலிலேயே அவ்விழாவைக் கொண்டாடியது என்று வரலாற்றறிஞர் ரொனால்டு ஹட்டன் 1996-இல் எடுத்துக்காட்டினார். சௌவினை மறைக்கவே சபை இந்நாளைத் தேர்ந்தது என்னும் கூற்று இதனால் வலுவிழக்கிறது. மறுநாள் நவம்பர் 2, இறந்தோர் நினைவு நாள். நம் தமிழ்க் கத்தோலிக்கர் கல்லறைகளுக்கு மலர் சூட்டி மெழுகுவர்த்தி ஏற்றும் கல்லறைத் திருநாள். இங்கிலாந்தில் ஏழைகள் இறந்தோருக்காக வேண்டிக்கொண்டு, வீடுதோறும் பணியாரம் பெறுவது வழக்கமாயிருந்தது.

16-ஆம் நூற்றாண்டுச் சீர்திருத்த சபையார் இவ்வழக்கங்களைக் கண்டித்தனர். காரணம் இவை அஞ்ஞானிகளுடையவை என்பதன்று. கத்தோலிக்கருடையவை, உத்தரிக்கிற ஸ்தலத்தை நம்புவோருடையவை என்பதே! பின்னர் 1955-இல் போப் 12-ஆம் பத்திநாதரும் இம்மாலைக்குரிய திருவிழிப்பு வழிபாட்டை நீக்கிவிட்டார். சமயம் விட்டுச் சென்ற மாலையில் வணிகம் குடிபுகுந்தது.

அமெரிக்காவுக்கு இதனைக் கொண்டு சென்றவர்கள் ஸ்காட்லாந்தினரும், 1845-இல் தொடங்கிய பஞ்சத்தால் ஊர்விட்ட ஐரிஷ் மக்களுமாவர். ஊரில் டர்னிப் கிழங்கைக் குடைந்து விளக்கிட்டவர்கள், அங்கே மலிவாய்க் கிடைத்த பரங்கிக்காயைக் குடைந்தனர். ஊர் மாறியவன் கைக்கு எட்டியதைக் கொண்டே பண்டிகை செய்கிறான். இது நமக்குத் தெரியாததன்று.

தோற்ற வாதம் தளர்ந்ததனால் மறுப்பு முழுவதும் வீழ்ந்தது என்று சொல்லிவிட முடியாது. இறந்தோர் பெயர் ஒன்றையும் நினையாமல் மரணத்தை வெறும் வேடிக்கையாக்குவது நன்றோ என்னும் வினா நிற்கவே செய்கிறது. அதில் நமக்கும் உடன்பாடு உண்டு. ஆயினும் மறுப்போருள்ளும் முரண் உண்டு. வர்ஜீனியாவில் ஒரு சுவிசேஷக் கல்லூரி 1972 முதல் தானே அச்சமூட்டும் வீடு அமைத்து, மக்களைச் சமயத்துக்கு அழைத்து வந்திருக்கிறது.

இவ்வாதத்தில் நமக்குப் பயன்படுவது பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபம். விக்கிரகத்துக்குப் படைத்த இறைச்சியைப் பற்றிக் கூறுமிடத்து, விக்கிரகம் ஒன்றுமில்லை என்று அறிந்தவனும் உடன் இருப்பவன் மனச்சாட்சி புண்படுமாயின் விலகவேண்டும் என்கிறார். நம் வாயிற்கோலத்தையும் விடியற்காலைச் சுப்ரபாதத்தையும் பிறமொழி அண்டைவீட்டார் பொறுத்துக்கொள்கின்றனர். அங்ஙனமே, வேடத்தை விரும்பாத வீட்டுப் பிள்ளையை நம் பிள்ளைகள் ஏளனம் செய்யாதிருக்கவும், சங்கங்கள் இதற்கெனக் கட்டாய நன்கொடை கேளாதிருக்கவும் நாம் பார்த்துக்கொள்ளலாம். வாயில்விளக்கு எரியாத வீட்டை அமெரிக்கப் பிள்ளைகள் தட்டாமல் கடந்து செல்வது வழக்கம். அவ்வழக்கத்தையும் இவ்விழாவோடு சேர்த்தே வரவழைத்துக்கொள்ளலாம்.