எந்த முறை விரைவானது?

(வீரகேரளம்புதூரில் நடைபெற்ற வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நாம் கற்றது பி.ஏ., பி.எட்.; கணிப்பொறியோ நம்மிடம் பிந்தி வந்த விருந்தாளி. ஆயினும் விடைத்தாள்களைப் பதிவெண் வரிசையில் அடுக்கும் வேலையை முப்பது ஆண்டுகளாகச் செய்து வருகிறோம். ஆதலின் வரிசைப்படுத்தும் முறைகளைப் பற்றிப் பேச நமக்கும் சிறிது உரிமை உண்டு எனக் கருதுகிறோம்.

அடுக்குவதில் இரு வழக்கங்கள் உண்டு. ஒவ்வொரு தாளையும் அதற்குரிய இடம் பார்த்துச் செருகுவது ஒன்று. கட்டைச் சிறு கட்டுகளாகப் பிரித்து அடுக்கி, பின் இரண்டிரண்டாகச் சேர்ப்பது மற்றொன்று. பின்னதை 1945-இல் ஜான் வான் நாய்மன் கணிப்பொறிக்கென எழுதினார். 1,000 எண்கள் தாறுமாறாகக் கிடந்தால், செருகும் முறைக்கு ஏறத்தாழ இரண்டரை இலட்சம் ஒப்பீடுகள் வேண்டும். சேர்க்கும் முறைக்குப் பத்தாயிரத்திற்கும் குறைவே போதும்.

சென்ற ஆண்டு நம் இளைஞர் ஒருவர் இவ்விரண்டையும் பைத்தான் மொழியில் எழுதி, நேரம் அளந்து, செருகும் முறையே விரைவானது என்னும் முடிவோடு ஒரு நிறுவனத்தின் நேர்முகத் தேர்வுக்குச் சென்றார். “எப்படி அளந்தீர்கள்?” என்று கேட்டனர். விடை சொல்ல இயலவில்லை. ஊர் திரும்பியவர், “இதெல்லாம் நமக்கு வராது, ஐயா” என்றார். தலைமுறை தலைமுறையாகப் பிறர் நம்மை நோக்கிச் சொன்ன சொல் அது. நம் பிள்ளையின் வாயிலிருந்தே அதைக் கேட்க நமக்குப் பொறுக்கவில்லை.

அவருடைய நிரலை இருவரும் வரிக்கு வரி படித்தோம். முறைகள் இரண்டும் பிழையின்றி எழுதப்பட்டிருந்தன. பிழை அளவையில் இருந்தது. முதலில் சேர்க்கும் முறை ஓடிற்று. அது அந்தப் பட்டியலையே வரிசையாக்கிவிட்டது. அடுத்துச் செருகும் முறைக்குக் கிடைத்ததும் அதே பட்டியல்தான். ஒருவன் எழுதி முடித்த விடைத்தாளை இன்னொருவனிடம் கொடுத்து, “இவன் ஐந்தே நிமிடத்தில் முடித்துவிட்டான்” என்று மெச்சுவது போன்றது இது! ஏற்கெனவே வரிசையாயுள்ள 1,000 எண்களில் செருகும் முறை 999 ஒப்பீடுகளோடு ஓய்ந்துவிடும்.

ஆகவே மூலப் பட்டியலைத் தொடாது வைத்து, ஒவ்வோர் ஓட்டத்திற்கும் புதுப்படி கொடுத்தல் வேண்டும். படியெடுக்கும் நேரம் கணக்கில் சேரலாகாது. தாறுமாறானவை, வரிசையானவை, தலைகீழானவை என மூவகை எண்களையும் இரு முறைகளுக்கும் ஒன்றுபோல் கொடுத்தல் வேண்டும். 1961-இல் ஹோர் வெளியிட்ட விரைவு வரிசையாக்கங்கூட, முதல் எண்ணையே பிரிக்கும் எண்ணாகக் கொண்டால், வரிசையான பட்டியலில் தடுமாறும். பின்னணியில் வேறு வேலை நடப்பின் நேரம் கூடுமேயன்றிக் குறையாது. ஆதலின் பலமுறை ஓட்டி, மிகக் குறைந்த நேரத்தைக் கொள்க. பைத்தானிலேயே ‘டைம்இட்’ என்னும் கருவி இதற்கென உள்ளது. மடிக்கணினியை மின்னிணைப்பில் வைத்தே அளக்க; மின்கலத்தில் ஓடும்போது பல கணினிகள் தம் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்ளும். விடை சரியா என்றும் பார்க்க. தவறாக அடுக்கும் நிரலுக்கு வேகம் எதற்கு?

இவ்வாறு மீண்டும் அளந்தபோது, தாறுமாறான 1,000 எண்களில் சேர்க்கும் முறை வென்றது. பத்தே எண்களிலோ செருகும் முறை முந்திற்று. இளைஞர் வியந்தார். 2002-இல் டிம் பீட்டர்ஸ் பைத்தானுக்கென எழுதிய முறை, சிறு துண்டுகளைச் செருகியும் பெருந்துண்டுகளைச் சேர்த்தும் இரண்டையும் கலந்தே அமைந்தது என்பதைக் காட்டினோம். இப்போது இரு விடைகளையும், அவற்றை அளந்த விதத்தையும் அவர் தம் குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறார். அடுத்த நேர்முகத் தேர்வு தை மாதத்தில்.