வர்ண நெடியும் பவளத் தொட்டியும்

பொங்கலை முன்னிட்டு வீட்டுக்கு வர்ணம் பூசத் தீர்மானித்திருப்பவர்களில், கூடத்திலே உயிருள்ள பவளங்களைக் கடல்நீர்த் தொட்டியில் வளர்த்து வருகிறவர்களும் சிலர் இருப்பீர்கள். தொட்டியைப் பிளாஸ்டிக் தாளால் இறுகப் போர்த்திக் கட்டிவிட்டால் போதும் என்றுதான் உங்களுக்கு முதலில் தோன்றும். நானும் அவ்விதமே செய்துவிட்டு நிம்மதியாக உறங்கி, விடியுமுன் எழுந்து விளக்கைப் போட்டபோது, மீன்களெல்லாம் நீர்மட்டத்தில் வாயைப் பிளந்துகொண்டு மூச்சுக்குத் தவித்த காட்சி இன்னமும் என் மனத்தை விட்டு அகலவில்லை. பவளத்தினுள் வாழும் நுண்பாசிகள் இரவில் பிராணவாயுவை உற்பத்தி செய்யாமல் தாமும் அதை உட்கொள்ளுகிற காரணத்தால், நீரில் அது மிகவும் குறைந்து நிற்பது அந்த வைகறை வேளையில்தான்.

நெடி தொட்டிக்குள் பிரவேசிக்கும் பிரதான வாசல் எது தெரியுமா? கீழே சம்ப்பில் ஓயாமல் நுரை கடைந்துகொண்டிருக்கும் ஸ்கிம்மரின் காற்றுக் குழாய்! சுண்டுவிரல் பருமன்கூட இல்லாத அந்தக் குழாய், அறைக் காற்றை மணிக்கு நூற்றுக்கணக்கான லிட்டர் உறிஞ்சி, பால்போல் வெளுத்த நுண்குமிழிகளாக்கி நீரோடு கலப்பதால், அறையிலே டர்பென்டைன் ஆவி இருக்குமானால் அதுவும் கூடவே கலந்துவிடுகிறது. ஆகையால் அதன் நுனியில் நீண்ட டியூப் ஒன்றை மாட்டி, ஜன்னலுக்கு வெளியே, தின்னர் டப்பா வைத்திராத பக்கமாக விட்டுவிடுங்கள். காற்றுப் பம்பு இருந்தால் அதற்கும் அப்படியே. பட்டி பார்த்து உப்புத்தாள் தேய்க்கும்போதும், மேல்தளம் பூசும்போதும் மாத்திரம் தொட்டியைத் தளர்வாக மூடி, வேலை முடிந்த உடனே எடுத்துவிடலாம்.

சுவருக்கு நீர்கலந்த எமல்ஷன் போதும். எனாமல் பூச வேண்டிய கதவுகளைக் கழற்றி மொட்டைமாடிக்குக் கொண்டுபோவது சிரமமானாலும் உசிதம். ஆக்டிவேட்டட் கார்பனை முதல் நாளே புதிதாக இட்டு, இரண்டு மூன்று நாட்களில் மாற்றுங்கள். பவளங்கள் உணரிழைகளை உள்ளிழுத்துச் சுருங்கி, பகலிலும் விரியாதிருந்தால் காத்திராமல் நீரில் ஒரு பகுதியை மாற்ற வேண்டும். அதற்கென, தொட்டியின் உப்புச் செறிவுக்கும் உஷ்ணத்துக்கும் சமமாகக் கலந்த நீர் பீப்பாயில் தயாராக இருக்கட்டும்.

டியூபை உள்ளே இழுக்க அவசரம் வேண்டாம். வீட்டிலேயே இருப்பவர்களின் நாசி நெடிக்குப் பழகிவிடுமாதலால், காலையில் பால் கொண்டுவருகிறவரையோ அடுத்த வீட்டாரையோ உள்ளே அழைத்து, வாசனை வருகிறதா என்று கேட்டுப் பாருங்கள். வரவில்லை என்று அவர் சொல்லும்வரை அது வெளியிலேயே கிடக்கட்டும்.