பாயும் புரவியும் பதிந்த படமும்

பந்தயக் குதிரைகளையும் அவற்றைச் செலுத்தும் ஜாக்கிகளையும் சித்திரக்காரரும் புகைப்படக்காரரும் எவ்விதம் காட்டியிருக்கிறார்கள் என்பது இன்றைய விஷயம். ஓவியர் கொண்டையராஜுவும் அவர் சீடர்களும் தெய்வப் படங்களைத் தீட்டி, சிவகாசி அச்சகங்களின் வழியே நாடெங்கும் வீடுதோறும் காலண்டர்களாய்த் தொங்கவிட்ட கோவில்பட்டியில் புகைப்படத் தொழில் செய்து வரும் எனக்கு, சித்திரம் பெரிதா, காமிரா பெரிதா என்னும் விவாதம் புதிதன்று. அவ்விவாதம் குதிரையின் கால்களை வைத்தே உலகத்தில் மும்முரமாக நடந்தது என்பதுதான் ரசமான சங்கதி.

பிரெஞ்சு ஓவியரான ஜெரிக்கோ 1821இல் தீட்டிய எப்சம் டெர்பி பந்தயச் சித்திரம் பாரிஸ் லூவர் காட்சிசாலையில் இருக்கிறது. கருமேகம் கவிந்த வானத்தின் கீழே, முன்னங்கால்களை முன்னும் பின்னங்கால்களைப் பின்னுமாக நீட்டி, நிலத்தைத் தொடாமலே புரவிகள் பறக்கின்றன. அக்காலத்து ஓவியர் பலரும் பாய்ச்சலை இவ்வாறே வரைந்தனர். 1878 ஜூன் மாதத்தில், கலிபோர்னியாவிலுள்ள பாலோ ஆல்டோவில், ஸ்டான்போர்டு என்னும் செல்வரின் விருப்பப்படி, மைபிரிட்ஜ் என்பவர் பந்தயத் தடத்தின் ஓரமாகப் பன்னிரண்டு காமிராக்களை வரிசையாக நிறுத்தி, சாலி கார்ட்னர் என்னும் பெண் குதிரை ஓடுகையில் ஒன்றன்பின் ஒன்றாகப் படமெடுத்தார். நான்கு கால்களும் அந்தரத்தில் நிற்கும் க்ஷணம் ஒன்று உண்டு என்பது நிரூபணமாயிற்று. ஆனால் அந்த க்ஷணத்தில் கால்கள் நீண்டிருக்கவில்லை, வயிற்றின் கீழே மடங்கிக் குவிந்திருந்தன! தெகா போன்ற ஓவியர்கள் அப்படங்களைக் கூர்ந்து பயின்றார்கள்.

இங்கே என் அனுபவம் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். கரிசல் ஊர்களில் கோவில் கொடையையொட்டி நடக்கும் குதிரை வண்டிப் பந்தயமொன்றை நான் படமெடுத்து, பிடரி மயிர் தனித்தனியாய்த் தெரியும் அளவுக்குத் துல்லியமாய் வந்த பிரதியைச் சாரதியாகிய பெரியவரிடம் பெருமையுடன் நீட்டினேன். அவர் நெடுநேரம் பார்த்துவிட்டு, "என்ன அண்ணாச்சி, ஓடுன குதிரைய இப்படி நிப்பாட்டிப் போட்டீகளே!" என்றார். அந்தச் சொல்லுக்கு அப்பால் ஒரு விமரிசனம் இல்லை. ரோடான் என்னும் மகா சிற்பியும் இதையே வேறு விதமாய் வாதித்தார்: பின்னங்கால் ஒரு கணத்தையும் முன்னங்கால் அடுத்த கணத்தையும் காட்ட, பார்ப்பவனின் கண் பின்னிருந்து முன்னாக ஓடி வேகத்தை உணர்கிறது, ஆகையால் ஜெரிக்கோவே மெய் சொன்னவர் என்பது அவர் பட்சம். பெரியவர் அப்படிச் சொன்ன நாள் முதல் நான் குதிரையின் போக்கோடு காமிராவையும் ஒருசேரத் திருப்பியே படமெடுக்கிறேன். சாலையோரத்து வேம்பும் கூட்டமும் கோடுகளாய்க் கலைந்துவிட, குதிரையின் முகமும் சாரதியின் கண்ணும் மட்டும் தெளிந்து நிற்கும்போது, ஓட்டம் ஓட்டமாகவே தெரிகிறது.

ஜாக்கியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஜெரிக்கோவின் சித்திரத்தில் காணும் ஆசனத்தையும், இன்றைய புகைப்படங்களில் அங்கவடியைக் குறுக்கிப் பிடரிமேல் கவிழ்ந்திருக்கும் ஆசனத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் டாட் ஸ்லோன் என்னும் அமெரிக்க ஜாக்கி இங்கிலாந்தில் பிரபலப்படுத்திய முறை பின்னது. ஜாக்கியின் பாரம் குதிரையின் முன்பக்கத்துக்கு நகர்கிறது, காற்றின் எதிர்ப்பும் தணிகிறது. பந்தயமே பாராத சென்னை நேயர்கள், இதற்கு நேர்மாறான ஆசனத்தைக் காண, சென்னை கவர்னராயிருந்த மன்றோவுக்குச் சிற்பி சான்ட்ரி வடித்த சிலையைப் பார்க்கலாம். சேணமும் அங்கவடியும் இல்லாமலே மன்றோ அமர்ந்திருக்கிறார்.

நேயர்களே, கிண்டியிலோ உதகையிலோ எடுத்த பழைய பந்தயப் படங்கள் உங்கள் வீட்டுப் பெட்டியில் இருக்குமாயின் எறிந்துவிடாதீர்கள். குதிரையின் பெயரோடு, பெரும்பாலும் மறந்துபோகும் ஜாக்கியின் பெயரையும் ஆண்டையும் பின்புறத்தில் எழுதி வையுங்கள். பென்சிலால் அழுத்தாமல் எழுதுங்கள், மையால் எழுதினால் ஊறிப் படத்தைக் கெடுத்துவிடும்.