கல்லையும் தரிசித்தல்

(தாம்பரத்தில் கூடிய சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



நம்மவர் ஆலய தரிசனத்தில் குறைவுடையோர் அல்லர். ஆயினும் மூர்த்தியைச் சேவித்துப் பிரசாதம் பெற்றதும் வீடு திரும்பிவிடுகிறோம். மூர்த்தி எழுந்தருளியிருக்கும் கட்டடத்தை நின்று நோக்குவோர் சிலரே. அதனால் விளையும் நஷ்டத்தைக் குறித்தே இன்று பேச எழுந்தேன்.

இவ்வூருக்கு அணித்தேயுள்ள மாடம்பாக்கம் தேனுபுரீசுவரர் ஆலயத்தில், விமானத்தின் பின்புறம் சென்று பாருங்கள். அங்கே மூலை என்பதே இல்லை. படுத்துறங்கும் யானையின் பின்புறம் போலச் சுவர் வளைந்து செல்லும். தூங்கானை மாடம் என்றும் கஜபிருஷ்டம் என்றும் இதனை வழங்குவர். மாமல்லபுரத்து நகுல சகாதேவ ரதமும் இவ்வடிவினதே. ஒப்பு நோக்குவார்க்கு உதவியாக அதனருகில் ஒரு கல்யானையும் நிற்கின்றது. நேர்ச்சுவர் எழுப்புதல் எளிது. வளைசுவருக்கோ ஒவ்வொரு கல்லையும் அவ்வளைவுக்கு இசையச் செதுக்கல் வேண்டும். சோழர் காலத்துக் கல்தச்சர் அப்பிரயாசையை மனமுவந்து மேற்கொண்டனர்.

பழைய ஆலயங்களின் அடித்தளத்தில் உள்ள எழுத்துக்களோ நம் முன்னோரின் தான சாசனங்கள். ஒரு நந்தாவிளக்குக்காக 90 அல்லது 96 ஆடுகள் விட்டவர் பெயரையும் ஊரையும் கல்லே காப்பாற்றி வந்திருக்கின்றது.

இனி என் குற்றத்தையும் சொல்லிவிடுகிறேன். என் பூர்விகக் கிராமத்துக் கோயில் திருப்பணியில், அடித்தளத்தின்மேல் பளபளப்பான ஓடுகள் பதித்தார்கள். எழுத்துக்கள் அனைத்தும் சிமெண்டுக்குள் மறைந்தன. அதற்குப் பொருள் உதவியவர்களில் அடியேனும் ஒருவன். அழகு செய்ததாகவே அன்று மகிழ்ந்தேன். எவர் ஏற்றிய விளக்கை அவித்தேனோ, அறியேன்.

இத்தாலி தேசத்து ராவென்னா நகரில், 547ஆம் ஆண்டில் பிரதிஷ்டையான ஸான் விதாலே தேவாலயத்துச் சுவர்களில் வண்ணச் சில்லுகளால் ஆன மொசைக் சித்திரங்கள் உள்ளன. பழமை என்பதாலேயே அவற்றைப் போற்றிக் காக்கின்றனர். நாமோ பழமையை மூடுவதற்கு மொசைக் பதிக்கிறோம்!

ஆதலால் சங்கத்தாருக்கு ஒரு விண்ணப்பம். திருப்பணிக்கு நிதி வழங்குமுன், கல்வெட்டுகளைப் படம் எடுத்து வைக்குமாறும், அவற்றின்மேல் ஓடும் வர்ணமும் பூசாதிருக்குமாறும் நிபந்தனை விதியுங்கள். அடுத்த விடுமுறை நாளில் குழந்தைகளை மாடம்பாக்கத்திற்கு அழைத்துச் செல்லுங்கள். சுவாமி தரிசனம் ஆனபின், விமானத்தையும் ஒருமுறை சுற்றிக் காட்டுங்கள். கண்டு அறிந்த குழந்தை பிற்காலத்தில் கல்லை மூடத் துணியாது.